பேறுகால உதவித்தொகை: முதல் தவணை எங்கே போனது?

பொருநைக்கரை:
என் தங்கச்சியைக் களக்காட்டிலிருந்து முக்கூடலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துப் போன வாரம்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பதிந்து, கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி நம்பரும் வாங்கியாச்சு. முதல் தவணை அனுப்பியாச்சு என்று கம்ப்யூட்டரில் காட்டுகிறதாம். பாஸ்புக்கில் ஒரு ரூபாய் ஏறவில்லை. வங்கியில் கேட்டால் சுகாதார நிலையத்தைக் கை காட்டுகிறார்கள். பீடி சுற்றிய காசில்தான் அவள் ஸ்கேன் எடுத்தாள். யாரைப் பார்ப்பது? பிரசவம் இங்கே நடந்தால் மீதித் தவணை போய்விடுமா?

பழைய நர்ஸம்மா:
தம்பி, அம்பாசமுத்திரம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆதார் வழியாக வரும் பணம், ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கில் இணைத்தார்களோ அங்கேதான் போகும். நீங்கள் கொடுத்த பாஸ்புக்கைப் பார்க்காது. பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகக் கணக்கு ஏதும் தொடங்கினாளா என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயர் தெரிந்துவிடும்.

பிரசவம் எந்த ஊரில் என்று பயப்படாதீர்கள். பிக்மி நம்பர் அவளோடு வரும். ஆனால் களக்காட்டு நர்ஸிடம் இன்றைக்கே அட்டையைக் காட்டிச் சொல்லி வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பரைக் கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், அப்புறம் பிள்ளைக்குத் தடுப்பூசி, இவற்றை ஒட்டித்தான் மீதித் தவணை.

1987-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது 300 ரூபாய். 2018-இல் 18,000 ஆனது. அதில் 14,000 பணம், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். எங்களுக்குப் பெரிய பாடு கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவதுதான். மூணு மாசம் முடியாமல் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று மாமியார்கள் மறைப்பார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து, பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இலை வெட்டும் கை நின்று நின்று போகும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி வெளுத்திருக்கும். பணம் வரும் என்று சொன்ன பிறகுதான் பல வீடுகளில் பதிய விட்டார்கள். அந்தப் பதிவால்தான் ரத்தம் குறைவு என்பதே தெரிய வந்தது.

உங்கள் தங்கச்சிக்கு ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், எவ்வளவு? 11-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரையை விடவே கூடாது. டீயோடு போட வேண்டாம், சத்து உடம்பில் சேராது. பீடித்தூள் பக்கமே இப்போது போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏர்வாடி மைனி:
எனக்கும் இதே கதைதான். காலேஜில் தொடங்கிய கணக்கில் பணம் சும்மா கிடந்தது. வங்கிக்கு அவளையே கூட்டிப்போங்கள், கைரேகை கேட்பார்கள்.

பொருநைக்கரை:
நர்ஸம்மா, நீங்கள் சொன்னதேதான். பத்தாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு. பழைய பாஸ்புக் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்தது, பணமும் அதில் ஏறியிருக்கிறது. ரத்தம் 9.4 என்று அட்டையில் போட்டிருக்கிறது. மாத்திரையை டீயோடுதான் போட்டிருக்கிறாள். நாளைக் காலையில் இங்குள்ள நர்ஸிடம் அழைத்துப் போகிறேன்.