டீசல் கார் ஹீட்டர்: ஒரு சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

'கார் ஹீட்டர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இழையில் இதுவரை ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன: சூடேற்றி, சூடாக்கி, வெப்பமூட்டி, அறைக்கணப்பு, முன்சூடேற்றி. ஐந்துமே நல்ல சொற்கள்தாம். ஆனால் ஐந்தையும் ஒரே பொருளுக்காகப் போட்டியிட விட்டிருக்கிறோம். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நான் இப்போது ஒரு டீசல் காரின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கடுங்குளிரில் காரின் உள்ளறையைச் சீக்கிரம் சூடாக்குவது எப்படி என்று அதில் நான்கு பக்கங்கள் வருகின்றன. எல்லா இடத்திலும் 'சூடேற்றி' என்றே போட்டுப் பார்த்தேன். ஒரு வாக்கியம் இப்படி வந்து நின்றது:

"சூடேற்றி போதிய அளவு சூடாகும் வரை சூடேற்றி இயங்கும், பிறகு தானாக நின்றுவிடும்."

மூலத்தில் இது தெளிவான வாக்கியம். முதலில் வருவது ஒரு கருவி, அடுத்து வருவது வேறொரு கருவி. தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அடுத்த பக்கத்தில் மூன்றாவது ஒன்றும் வருகிறது, தனியாக டீசலை எரிக்கும் கருவி. அதற்கும் சூடேற்றிதானா?

பெயர் குழம்பினால் வேலையும் குழம்பும். இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். ஒரு குளிர்காலத்தில் என் காரில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் வெதுவெதுப்புக்கு மேல் காற்று சூடாகவில்லை. பணிமனையில் "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்றேன். அவர்கள் விசிறி மோட்டாரை மாற்றித் தந்தார்கள். அதன்பிறகு காற்று வேகமாக வந்தது, சூடு மட்டும் வரவே இல்லை. கடைசியில் பார்த்தால், எஞ்சின் நீர் சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தது. எஞ்சின் நீர் சூடாவதற்குள் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஹீட்டர் என்று நினைத்தது வேறு, அவர்கள் ஹீட்டர் என்று நினைத்தது வேறு, கோளாறு இருந்த இடம் இரண்டுமே இல்லை.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். டாஷ்போர்டுக்குப் பின்னால், ஏறத்தாழ ஒரு தடித்த புத்தகத்தின் அளவில், மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு கூடு இருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் அதற்குள் போகும். ஒன்றில் எஞ்சினின் சூடான நீர் வரும், மற்றொன்றில் சூட்டை இழந்த நீர் திரும்பிப் போகும். விசிறி அந்தத் தகடுகளின் வழியே காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான். அதில் தீயும் இல்லை, மின்கம்பியும் இல்லை. எஞ்சின் சூடானால் அது சூடாகும், எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் அதுவும் குளிர்ந்து கிடக்கும்.

முந்தைய மடல் ஒன்றில் இப்படி வந்திருந்தது:

> நமக்கு வெப்பத்தைத் தருவதால் 'வெப்பமூட்டி' என்பதே பொருந்தும். அது எங்கிருந்து வருகிறது என்பது பயனருக்குத் தேவையில்லை.

ஐயா, மிகுந்த மரியாதையோடு மறுக்கிறேன். டீசல் காரைப் பொறுத்தவரை பயனருக்கு முதலில் தேவைப்படுவதே அதுதான். 'பெட்ரோல் கார் சீக்கிரம் சூடாகிறது, என் டீசல் கார் மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்பவருக்கு விடை முழுவதும் அந்த 'எங்கிருந்து' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

டீசல் எஞ்சின் சிக்கனமானது. நல்ல சுமையில் ஓடும்போது எரிபொருளின் ஆற்றலில் 40 விழுக்காடு அளவுக்கு வேலையாக மாற்றிவிடும். வேலையாக அதிகம் மாறினால் சூடாக மிஞ்சுவது குறைவு. நாம் குளிர் காய்வதோ அந்த மிச்சத்தில்தான். வண்டியை நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பெட்ரோல் எஞ்சினில் 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்று அளந்து உள்ளே விடுகிறார்கள். டீசலில் பெரும்பாலும் காற்றுக்கு அப்படி அணை கிடையாது. எரிபொருளை மட்டுமே கூட்டிக் குறைப்பார்கள். எஞ்சின் சும்மா ஓடும் இந்த வெற்றோட்டத்தில் ஒரு துளி டீசலும் சிலிண்டர் நிறையக் குளிர்ந்த காற்றும் உள்ளே போகின்றன. வேண்டாத அந்தக் காற்றெல்லாம் சூட்டை வாரிக்கொண்டு புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். அழுத்தத்தைத் தாங்குவதற்காக எஞ்சினே கனமாக வார்க்கப்பட்டிருக்கும். அந்த இரும்பு சூடாகவும் நேரம் பிடிக்கும்.

அதனால்தான் கையேடு 'நிறுத்திவைத்துச் சூடாக்காதீர்கள், கண்ணாடியைச் சுத்தம் செய்துவிட்டு உடனே மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள்' என்கிறது. சுமை ஏறினால்தான் சூடு ஏறும். உட்கார்ந்தவுடன் விசிறியை முழு வேகத்தில் வைப்பதும் இதே காரணத்தால்தான் தவறு. எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் சூட்டை அந்தக் கூட்டின் வழியே நாமே உருவிவிடுகிறோம். முதல் சில நிமிடங்கள் விசிறியைக் குறைவாக வைத்து, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அசையத் தொடங்கியதும் கூட்டினால் போதும். உள்காற்றையே சுற்றவிட்டாலும் சீக்கிரம் சூடாகும். ஆனால் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து மங்கலாக்கிவிடும் என்பதால் அதைச் சிறிது நேரத்துக்குமேல் வைத்திருக்க முடியாது. உறைநிலைக்குப் போகாத குளிரில் ஏசியையும் போட்டுவிட்டால் காற்றின் ஈரம் குறைந்து கண்ணாடி தெளியும். குளிரில் ஏசியா என்று கேட்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் விளங்க வைக்கும் சொல்லாக அந்தக் கூட்டுக்கு நான் முன்வைப்பது 'சூடுவாங்கி'.

ஒலிவாங்கி நமக்குப் பழகிய சொல். ஒலியை அது உண்டாக்குவதில்லை, வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்புகிறது. சூடுவாங்கியும் அப்படியே. 'எஞ்சின் சூடாகாத வரை சூடுவாங்கிக்கு வாங்க எதுவும் இல்லை' என்று எழுதினால் விளக்கமே வேண்டியதில்லை. பழுது பார்ப்பவருக்கும் இது உதவும். இரண்டு குழாய்களையும் பதமாகத் தொட்டுப் பார்த்து, ஒன்று கொதிக்க மற்றொன்று குளிர்ந்திருந்தால் சூடுவாங்கி அடைத்திருக்கலாம். இரண்டும் சூடாக இருந்தும் குளிர்காற்றே வந்தால் உள்ளே காற்றைத் திருப்பும் மடல்தட்டைப் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓட்டியும் இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்தால், என் காரில் நடந்ததுபோல, சூடுவாங்கிமேல் குற்றமில்லை. தெர்மோஸ்டாட்டையும் நீரின் அளவையும் பாருங்கள்.

'வெப்பமாற்றி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே' என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது, ஆனால் அது இனப்பெயர். ரேடியேட்டர் ஒரு வெப்பமாற்றி, எண்ணெயைக் குளிர்விப்பது ஒன்று, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது ஒன்று. அவற்றில் எது என்று சொல்ல ஒரு தனிப்பெயர் வேண்டும்.

அடுத்தது மின்சாரத்தில் சூடாவது. பல டீசல் கார்களில் சூடுவாங்கிக்கு அடுத்தபடியாகக் காற்றுவழியில் இது உட்கார்ந்திருக்கும். இதற்குச் 'சூடேற்றி' என்பதை மனமுவந்து கொடுத்துவிடலாம், ஏனென்றால் இது உண்மையாகவே சூட்டை உண்டாக்குகிறது. எஞ்சினுக்குத் துணையாக வருவதால் 'துணைச் சூடேற்றி'. இதன் வகைப்பெயரை ஒருவர் 'நேர் வெப்பநிலைக் கெழுச் சூடேற்றி' என்று தந்திருந்தார். 'கோஎஃபிஷியன்ட்' என்பதற்குக் கெழுவா குணகமா என்று அதன்மேல் ஏழு மடல்கள் போயின. இரண்டும் சரிதான், இரண்டும் பாடநூல்களுக்கு உரியவை. ஆனால் கையேட்டில் பயனருக்குத் தெரிய வேண்டியது அதன் குணம். பேரியம் டைட்டனேட் சேர்ந்த பீங்கான் வில்லைகள் அவை. ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் அவற்றின் மின்தடை சட்டென்று எகிறும், மின்னோட்டம் குறையும், சூடு அதற்குமேல் ஏறாது. வெளியிலிருந்து யாரும் அடக்க வேண்டாம், தானே அடங்கும். எனவே 'தானடங்கு சூடேற்றி' என்றால் என்ன? எழுதும்போது எனக்கு இயல்பாக வருகிறது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இது கேட்கும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல. 1,000 வாட் என்று வைத்தால் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல். அதனால் எஞ்சின் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும்படி வைத்திருக்கிறார்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆல்டர்னேட்டர் அந்த மின்சாரத்தைத் தருவதற்கு எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும், அந்த உழைப்பினால் எஞ்சினும் சற்று விரைவாகச் சூடேறும்.

மூன்றாவதுதான் இந்த இழையில் அதிகம் சிக்கிக்கொண்டது. காரின் தொட்டியிலிருந்தே டீசலை எடுத்து, தனக்கென ஒரு சிறு எரிகலத்தில் தீமூட்டி, எஞ்சின் நீரைச் சூடாக்கும் கருவி. எஞ்சின் ஓட வேண்டியதில்லை. புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே அதை முடுக்கிவிட்டால், ஏறி உட்காரும்போது கண்ணாடியில் பனி உருகியிருக்கும், சூடுவாங்கியும் சூடாக இருக்கும். கார்களுக்கு வருபவை பெரும்பாலும் 4 முதல் 5 கிலோவாட் தருபவை. முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் டீசல் செலவாகும். அதே அரை லிட்டரை எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு எரித்தால், கணிசமான பகுதி நீரைச் சேராமல் வீணாகிவிடும். இங்கே பெரும்பகுதி நீருக்குள் போகிறது. குளிர்ப்பகுதிகளில் டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

இதற்குத்தான் நான் 'கணப்பு' என்ற சொல்லைக் கேட்கிறேன். 'அறைக்கணப்பு' என்று அந்தத் தகட்டுக் கூட்டுக்குப் பரிந்துரைத்த அம்மா மன்னிக்க வேண்டும். கணப்பு என்றால் குளிர் காய மூட்டும் தீ. கூட்டில் தீ இல்லை, இதில் இருக்கிறது. தீ இருப்பது பெயரிலேயே தெரிவது அழகுக்காக மட்டும் அல்ல. எரிபொருள் நிரப்பும்போது இதை நிறுத்திவிட வேண்டும், மூடிய கொட்டகைக்குள் இயக்கவே கூடாது என்று கையேடு தடித்த எழுத்தில் எச்சரிக்கிறது. இதற்கும் தனிப் புகைக்குழாய் உண்டு, அதில் கார்பன் மோனாக்சைடு வரலாம். 'சூடாக்கியை அடைத்த அறையில் இயக்காதீர்' என்று படிப்பவர் 'ஏன்?' என்று நிற்பார். 'கணப்பை அடைத்த அறையில் மூட்டாதீர்' என்றால் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. கணப்பு மூட்டுவது நம் மொழியில் இருக்கும் வழக்கு என்பதால் வினைச்சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது.

'நிறுத்தக் கணப்பு' என்று யாரேனும் சொல்லக்கூடும், நிறுத்திய காரில் இயங்குவதால். கையேட்டில் 'நிறுத்த' என்ற சொல் வேறு நூறு இடங்களில் 'ஆஃப் செய்ய' என்ற பொருளில் வருகிறது. 'கணப்பை நிறுத்த' என்பதற்குப் பக்கத்தில் 'நிறுத்தக் கணப்பு' வந்தால் வாசகர் தடுமாறுவார். ஜெர்மன் மொழியில் இங்கே ஒரு நல்ல பிரிவினை இருக்கிறது. நிற்கும் காரில் இயங்குவது 'ஸ்டாண்ட்ஹைட்சுங்', ஓடும் எஞ்சினோடு கூடச் சேர்ந்து சூடாக்குவது 'ட்சூஹைட்சர்'. சில கார்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே கருவிதான். எஞ்சின் ஓடும்போது மட்டும் இயங்கும்படி வருவதைச் சில பாகங்கள் சேர்த்து, நிற்கும் காரிலும் இயங்குவதாக மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. நாமும் அதே பிரிவைத் தனி, துணை என்ற இரண்டு சொற்களால் செய்யலாம்: தனியே இயங்கினால் 'தனிக்கணப்பு', எஞ்சினோடு மட்டும் இயங்கினால் 'துணைக்கணப்பு'. முன்பாதி அதன் பங்கைச் சொல்லும், பின்பாதி சூடு எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லும்.

நெடுநல்வாடையில் வரும் 'தடவு' என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். வாடைக்காலத்தில் செந்நெருப்பு இட்டுவைக்கும் கலம் அது. பொருள் அப்படியே பொருந்துகிறது, எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் இன்று தடவு என்றால் யாரும் எண்ணெய் தடவுவதைத்தான் நினைப்பார்கள். விட்டுவிட்டேன்.

இனி 'கழிவு வெப்பம்'. எஞ்சினில் மிஞ்சும் சூட்டை நூல்கள் இப்படித்தான் குறிக்கின்றன. உள்ளறையைச் சூடாக்கும் அத்தியாயத்தில் மட்டும் அதை 'மிச்ச வெப்பம்' என்று எழுத அனுமதி கேட்கிறேன். நாம் நம்பியிருக்கும் ஒன்றைக் கழிவு என்று எழுதக் கை வரவில்லை. அதேபோல எஞ்சின் நீரைக் 'குளிர்விப்பான்' என்று எழுதினால் 'குளிர்விப்பான் சூட்டைக் கொண்டுவருகிறது' என்று வாக்கியம் முரண்படுகிறது. 'சுற்றுநீர்' போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தப் பழைய வாக்கியம்:

"சூடுவாங்கி போதிய அளவு சூடாகும் வரை துணைச் சூடேற்றி இயங்கும், பிறகு தானாக நின்றுவிடும்."

அதன் அடுத்த பக்கத்திலிருந்து இன்னொன்று:

"தனிக்கணப்பு முதலில் சுற்றுநீரைச் சூடாக்கும். நீர் போதிய அளவு சூடான பிறகே உள்ளறை விசிறி சுழலத் தொடங்கும். எரிபொருள் நிரப்புமுன் கணப்பை அணைத்துவிடவும்."

கார் பற்றி எதுவும் தெரியாத என் தங்கையிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். "அப்போ சூடுவாங்கி தனியா எதுவும் செய்யாதா?" என்று கேட்டாள். கேள்வி சரியான இடத்தில் வந்து விழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. வீட்டு மின்சாரத்தில் செருகி, இரவெல்லாம் எஞ்சின் உடம்பையே சூடாக வைத்திருக்கும் கருவி. 'முன்சூடேற்றி' என்பதை அதற்கு ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எஞ்சினைக் கிளப்பும்முன் சிலிண்டருக்குள் கனலும் அந்தச் சிறு முனையையும் சிலர் முன்சூடேற்றி என்றே எழுதிவருகிறார்கள். அதற்குக் 'கனல்முனை' என்று கொடுத்துவிட்டால் மோதல் தீரும். பணிமனையில் வேலை செய்யும் நண்பர்கள் யாரேனும் குழுவில் இருந்தால், இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எது நாக்கில் இடறுகிறது என்று எழுதுங்கள். இந்த அத்தியாயத்தை வரும் வாரம் திருத்தத்துக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்.