ஆப்புக்கு யூனிட் டெஸ்ட், எதை வைப்பது? அவசரம்

ஈசூன்_வாசி:
வணக்கம். எங்கள் உறுப்பினர் ஆப்புக்கு யூனிட் டெஸ்ட் (கோடின் சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் கோடு) எழுதியே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஜேயூனிட், ரோபோலெக்ட்ரிக், எஸ்பிரெஸ்ஸோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைப்பது? நேற்று ஒன்று எழுதினேன், என் லேப்டாப்பில் பச்சை (தேறியது), ஆப்பைக் கட்டும் பில்ட் சர்வரில் சிவப்பு (தோற்றது). வெள்ளிக்குள் முடிக்க வேண்டும்.

கோப்பி_சியூடாய்:
தலைப்பைப் பார்த்து யாருக்கோ ஆப்பு வைக்கிறீர்கள் என்று ஓடி வந்தேன். சிவப்பு என்றால் என்ன பிழை வந்தது? அதைப் போடுங்கள். என்ன மொழி, எந்தப் போன்?

பிடோக்_பையன்:
ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே கோடில் ஆப் எழுதும் ஃப்ளட்டர் என்றால் கவலையே இல்லை அண்ணே, ஃப்ளட்டர்_டெஸ்ட் கூடவே வருகிறது. ஒன்று மட்டும்: லோடிங் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது பம்ப்அண்ட்செட்டில் போடாதீர்கள். அசைவு நிற்கும்வரை அது காத்திருக்கும், வட்டம் நிற்காது, கடைசியில் டைம்அவுட்தான். என் சனிக்கிழமை ஒன்று அதில் போனது.

மூத்தவர்:
எஸ்பிரெஸ்ஸோ என்று எழுதியிருக்கிறார். அது ஆண்ட்ராய்டுக்கானது. படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் ஒழிந்துவிட்டது. கேட்டவரும் சளைத்தவரில்லை. ஜேயூனிட் டெஸ்ட்டை ஓட்டுவது. ரோபோலெக்ட்ரிக், போன் இல்லாமலே ஜேவிஎம்மில் (லேப்டாப்பில் ஜாவாவை ஓட்டும் மென்பொருள்) ஆண்ட்ராய்டு இருப்பதாக நடிப்பது. எஸ்பிரெஸ்ஸோ, திரையில் பொத்தானை அழுத்திப் பார்ப்பது. அடுப்பு வாங்கவா, சட்டி வாங்கவா, கரண்டி வாங்கவா என்று கேட்கிறார்.

ஈசூன்_வாசி:
ஆண்ட்ராய்டுதான், காட்லின் மொழி. சொல்ல மறந்துவிட்டேன். ஐபோன் பக்கம் வேறொருவர்.

ஜூரோங்_அக்கா:
தம்பி, மூத்தவர் சொல்வது சரிதான், சொல்லும் விதம்தான் அப்படி. கணக்குப் போடும் பகுதியை, திரையைக் கையாளும் ஆக்டிவிட்டியிலிருந்து பிரித்துத் தனி கிளாஸில் வையுங்கள். அதற்கு ஜேயூனிட் 4 தாராளம். 'டெஸ்ட்' ஃபோல்டரில் இருப்பது லேப்டாப்பிலேயே ஓடும், 'ஆண்ட்ராய்டுடெஸ்ட்' ஃபோல்டரில் இருப்பதற்குப் போனோ எமுலேட்டரோ (லேப்டாப்பில் ஓடும் போலிப் போன்) வேண்டும். முதல் ஃபோல்டரில் 'நாட் மாக்ட்' என்று பிழை வந்தால் ஆண்ட்ராய்டு எங்கோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கான்டெக்ஸ்ட் (ஆப்புக்கு ஆண்ட்ராய்டு தரும் சூழல்) இல்லாமல் ஆகாது என்ற இடத்தில் மட்டும் ரோபோலெக்ட்ரிக்.

கோப்பி_சியூடாய்:
எது வைத்தாலும், நிஜ கிளாஸுக்குப் பதில் போலி (மாக்) செய்து தரும் மாக்கே மட்டும் வேண்டாம். எல்லாவற்றையும் மாக் செய்தால் கடைசியில் மாக்கைத்தான் சோதிக்கிறோம். கையால் ஒரு ஃபேக் எழுதுங்கள், பத்து வரி.

தமிழ்_மாணவி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். யூனிட் டெஸ்ட்டை 'அலகுச் சோதனை' என்று எழுதலாமே?

கோப்பி_சியூடாய்:
தைப்பூசத்தன்று சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை அலகு குத்தி நடக்கிறார்களே, அதுதான் அலகுச் சோதனை.

பிடோக்_பையன்:
எனக்குக் கிளி மூக்குதான் நினைவுக்கு வருகிறது.

மூத்தவர்:
மீட்டர் நீளத்தின் அலகு என்று பள்ளியில் படித்தது யாருக்கும் நினைவில்லை. யூனிட் என்றால் மட்டும் என்ன வாழ்கிறதாம், இங்கே அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு எண்.

ஈசூன்_வாசி:
பிழை இதுதான். எதிர்பார்த்தது 1990-03-12, வந்தது 1990-03-11. பிறந்த தேதி. பின்னணிச் சர்வர் அதை ஒரு நேரப் புள்ளியாக, மில்லிசெகண்ட் கணக்கில் அனுப்புகிறது.

ஜூரோங்_அக்கா:
இதை முதலிலேயே போட்டிருக்கலாம் தம்பி. உங்கள் லேப்டாப் சிங்கப்பூர் நேரம், பில்ட் சர்வர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்). நம் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை 4 மணி. டெஸ்ட்டுக்கு யூசர்.டைம்ஸோன் என்ற நேர மண்டல அமைப்பை ஆசியா/சிங்கப்பூர் என்று கொடுத்துப் பாருங்கள்.

ஈசூன்_வாசி:
கொடுத்தேன், பச்சை. ஆனால் அம்மாவின் பிறந்த தேதியைப் போட்டேன், 1962. இப்போது என் லேப்டாப்பிலேயே ஒரு நாள் குறைகிறது!

மூத்தவர்:
இப்போதுதான் உருப்படியான கேள்வி. 1981 முடியும்வரை சிங்கப்பூர் நேரம் யூடிசி +7:30. மலேசியா 1982 ஜனவரி 1 அன்று +8க்கு மாறியது, நாமும் கூடவே மாறினோம். டிசம்பர் 31 இரவு 11:30 அடித்ததும் கடிகாரத்தை 12 மணிக்குத் தள்ளினார்கள். உங்கள் பின்னணிச் சர்வர் எல்லா ஆண்டுக்கும் +8 என்று வைத்து நள்ளிரவைக் கணக்கிடுகிறது. ஜாவாவுக்குப் பழைய கணக்கு தெரியும், அதனால் 1962இல் அது முந்தைய நாள் இரவு 11:30 ஆகிறது. டைம்ஸோனை மாற்றியது பிளாஸ்திரி. பிறந்த தேதிக்கு நேரமே கிடையாது, மில்லிசெகண்டை விட்டுவிட்டு '1962-05-20' என்று எழுத்தாக அனுப்பச் சொல்லி, நேரமில்லாத தேதி வகையான லோக்கல்டேட்டில் வாங்குங்கள். ஆப் ஓட வேண்டிய குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு ஏபிஐ 26க்குக் (ஆண்ட்ராய்டு 8) கீழே என்றால், லோக்கல்டேட் பழைய போனிலும் ஓட டீஷுகரிங் போட வேண்டும். டெஸ்ட்டில் 1981 டிசம்பர் 31, 1982 ஜனவரி 1 இரண்டையும் சேருங்கள்.

கோப்பி_சியூடாய்:
அரை மணி நேரம்! எங்கள் ஆப்பில் மூத்த உறுப்பினர்கள்தான் அதிகம். இன்றைக்குத் தூக்கம் போச்சு.

ஈசூன்_வாசி:
சரியாகிவிட்டது. நன்றி அண்ணே, நன்றி அக்கா.

பிடோக்_பையன்:
அதெல்லாம் சரி, கடைசியில் எதை வைத்தீர்கள்?

பிடோக்_பையன்:
அண்ணே?

தமிழ்_மாணவி:
'அலகு' ஏன் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.