தேய்த்து அழிக்கப்பட்ட பெயர்: நாஜிக் காலக் குத்துவாள்களைச் சேகரிக்கலாமா?

கருக்கு:
ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பட்டறைகளில் உருவான, சீருடையோடு அணியும் குத்துவாள்களைப் பதினோரு ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். நாஜிக் காலத்துக் குத்துவாளை வீட்டில் வைத்திருப்பதே அக்கொடுமைக்கு மதிப்பளிப்பதாகும் என்று நண்பர் நெய்தல் சென்ற வாரம் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை.

என்னிடம் நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைப் படையான எஸ்.ஏ.வின் குத்துவாள் ஒன்று இருக்கிறது. அலகின் ஒருபுறம் ‘எல்லாம் ஜெர்மனிக்காக’ என்ற வாசகம் கருமையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. மறுபுறம், 1934இல் படைத்தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் தம் பழைய வீரர்களுக்கு வழங்கியபோது ‘மனமார்ந்த நட்புடன்’ என்று தம் கையெழுத்திலேயே பொறிக்கச் செய்த வரி இருந்த இடத்தில், இப்போது குறுக்கும் நெடுக்குமான கீறல்கள்தாம் உள்ளன. அவ்வாண்டு ஜூன் 30 அன்று தொடங்கிய ஹிட்லரின் களையெடுப்பில் ரோம் கைதாகி, மறுநாளே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரை அழித்துவிடும்படி ஆணை வந்தது. நேற்றுவரை பெருமையோடு இடுப்பில் தொங்கவிட்டிருந்ததை ஒருவன் அச்சத்தோடு சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்த தழும்பு அது. சர்வாதிகாரம் தன் ஆட்களையே எப்படி நடத்தியது என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு நெருக்கமாகக் காட்டியதில்லை.

நெய்தல்:
தழும்பைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, ஐயா. ஆனால் சந்தை அந்தத் தழும்புக்கா விலை கொடுக்கிறது? ரோமின் வரி அழியாமல் தப்பிய குத்துவாள்தான் அழிக்கப்பட்டதைவிடப் பன்மடங்கு விலை போகிறது. எஸ்.ஏ., எஸ்.எஸ். இரண்டின் குத்துவாள்களும் 16ஆம் நூற்றாண்டுச் சுவிஸ் குத்துவாளைப் பார்த்து, ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே நிறுவனங்களால் செய்யப்பட்டவை; எஸ்.எஸ்.ஸுக்குரிய கறுப்புக் கைப்பிடியும் ‘விசுவாசமே என் மானம்’ என்ற வாசகமும் வந்தவுடன் விலை ஏறிவிடுகிறது. எஃகும் ஒன்று, வேலைப்பாடும் ஒன்று என்றால், கூடுதலாகக் கொடுக்கும் பணம் வதைமுகாம்களை நடத்திய அமைப்பின் பெயருக்குத்தானே போகிறது?

உரைகல்:
சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு, கல்வி, ஆய்வு போன்ற நோக்கங்களுக்கு விலக்களித்து, நாஜிச் சின்னங்களையும் முழக்கங்களையும் பொதுவெளியில் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது; தனியாக வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. கருக்கு ஐயாவின் அலகிலுள்ள அதே வாசகத்தை மேடையில் முழங்கியதற்காக அரசியல்வாதி பியோர்ன் ஹோக்கேவுக்கு 2024இல் ஹாலே நீதிமன்றம் 13,000 யூரோ அபராதம் விதித்தது. அந்த எழுத்துகள் வெறும் பழம்பொருளாக இன்னும் ஆறிவிடவில்லை.

போலிகளும் மிகுதி. போர் முடிந்தபின் நேச நாட்டுப் படைவீரர்கள் நினைவுப்பொருள் தேடியதால், சோலிங்கனில் எஞ்சிக் கிடந்த உறுப்புகளைக் கோத்தே பல குத்துவாள்கள் விற்கப்பட்டன. எனவே ஒவ்வொரு கீறலும் 1934இல் விழுந்தது என்று நம்புவதற்கில்லை.

கருக்கு:
இருவருக்கும் நன்றி. எஸ்.எஸ். குத்துவாளை நான் வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டேன். விலையைப் பற்றி நெய்தல் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் என் சேகரிப்பின் பெரும்பகுதி கடற்படையைச் சேர்ந்தது. அரசர் காலத்தில் கடற்படைக் குத்துவாளின் தலைக்குமிழ், அதாவது பிடியின் உச்சியிலுள்ள குமிழ், கிரீடமாக இருந்தது; குடியரசுக் காலத்தில் சுடராயிற்று; 1938இல் கழுகு வந்தது. பழைய குத்துவாளை வைத்திருந்த அதிகாரிகள் பலர், குமிழை மட்டும் கழற்றிப் புதியதைத் திருகிக்கொண்டார்கள். அப்படி மாற்றிய ஒன்றைக் கையில் எடுத்தால், அலகு, தந்தப் பிடி, அதன் பள்ளத்தில் ஓடும் கம்பி ஆகிய எல்லாம் பழையவை. கழுகு மட்டும் பளிச்சென்று வேறாகத் தெரியும். இவற்றையும் தவிர்க்க வேண்டுமா?

நெய்தல்:
கடற்படைக் குத்துவாள்களைப் பற்றி எனக்கு வழக்கில்லை. எஸ்.ஏ. குத்துவாளைச் சோலிங்கனிலேயே உள்ள ஜெர்மானிய வாள் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்களுக்குப் பின் அது ஏலத்துக்குப் போனால், தழும்பைப் பார்ப்பவர் வாங்குவாரா, முன்பக்க வாசகத்துக்காக மகிழ்பவர் வாங்குவாரா என்பது உங்கள் கையில் இருக்காது.

கருக்கு:
நான் உள்ளவரை அது என்னிடம்தான் இருக்கும், அதில் மாற்றமில்லை. எனக்குப் பின் அதை ஏலத்துக்கு விடக்கூடாது என்று என் சேகரிப்புப் பட்டியலில் இன்று எழுதி வைத்துவிட்டேன். அருங்காட்சியகத்துக்கும் கடிதம் எழுதுகிறேன். தேய்த்த பக்கத்தின் படத்தையே முதலில் அனுப்புகிறேன்.