சத்தம் கூட்டினால் பேஸ் காணாமல் போகிறது: நல்ல எல்ஓசி போதுமா, டிஎஸ்பி வாங்கணுமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். வண்டி 2021 மாடல் ஹேட்ச்பேக். கம்பெனி ஸ்டீரியோவோடு ரிவர்ஸ் கேமராவும் ஸ்டியரிங் பட்டன்களும் சேர்ந்திருப்பதால் அதைக் கழற்ற மனமில்லை. முன் டோர்களில் 6.5 இன்ச் காம்பொனன்ட் ஸ்பீக்கர் (கீச்சு ஒலிக்கு ட்வீட்டரும் மற்றதற்கு வூஃபரும் தனித்தனி), டிக்கியில் பேஸுக்கு 10 இன்ச் சப்வூஃபர் (சப்), ஒரு நாலு சேனல் ஆம்ப். ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுத்து ஆம்புக்கு ஏற்றபடி குறைத்துத் தரச் சாதாரண எல்ஓசி (லைன் அவுட்புட் கன்வர்ட்டர்). ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் பொருத்தினேன்.

இரண்டு தொந்தரவு. வால்யூம் 12-ல் உறுமுகிற சப், ஓஎம்ஆர் சாலையில் ஓட்டும்போது 25 வைத்தால் இருக்கிற இடம் தெரியவில்லை. அப்புறம், பாடுகிறவர் குரல் என் வலது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. கடைக்காரர் பெரிய ஆம்ப் போடலாம் என்கிறார். எல்ஓசியை மட்டும் மாற்றினால் போதுமா, ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் டிஎஸ்பி பெட்டி தேவையா, ஆம்பும் டிஎஸ்பியும் ஒன்றாக வருவதை வாங்கலாமா?

அம்பத்தூர் ஒயர்மேன்:
பெரிய ஆம்ப் வேண்டாம் சார். உள்ளே வராத பேஸை எந்த ஆம்பாலும் வெளியே தர முடியாது. வண்டியோடு வரும் மெல்லிய ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க, வால்யூம் ஏற ஏற ஸ்டீரியோவே பேஸைக் குறைத்துக்கொள்ளும். பல கம்பெனி செட்களில் இது உண்டு. உங்கள் செட்டும் அப்படியா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். டோன், ஈக்வலைசர் எல்லாம் நடுவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ், 300 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒரே அளவில் ஓடவிடுங்கள். மலிவு மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது, அதனால்தான் 300. எல்ஓசிக்குள் போகும் ஸ்பீக்கர் ஒயர் இரண்டின் குறுக்கே ஏசி வோல்ட் பாருங்கள். வால்யூம் 10-ல் இரண்டும் ஏறக்குறைய சமம், 25-ல் 50 ஹெர்ட்ஸ் பாதி என்றால் 6 டெசிபல் வெட்டு. மைனஸ் ஒயரைப் பாடியில் தொட்டுவிடாதீர்கள். இந்த செட்களில் இரண்டு ஒயரிலுமே 6 வோல்ட் போல டிசி நிற்கும், எர்த் ஆனால் செட் உள்ளே இருக்கும் ஐசி (சிப்) போய்விடலாம்.

வேளச்சேரிவாசி:
பார்த்துவிட்டேன் அண்ணா. 10-ல் சமம். 25-ல் 50 ஹெர்ட்ஸ் பாதிக்கும் கீழே. அப்படியானால் டிஎஸ்பி வாங்கி அதில் பேஸைத் தூக்கிவிடலாமா?

குரோம்பேட்டை கிராஸ்ஓவர்:
அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் தம்பி. டிஎஸ்பியின் ஈக்யூ (ஈக்வலைசர்) நிலையானது. 25-க்குச் சரியாகத் தூக்கினால் 10-ல் காது அடைத்துவிடும். வெட்டு வால்யூமைப் பொறுத்து மாறும்போது இரண்டு வழிதான் உருப்படி.

ஒன்று, ஸ்டீரியோ வால்யூமை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து, அந்த இடத்துக்கு ஈக்யூ செய்து, சத்தத்தை டிஎஸ்பியின் ரிமோட் குமிழில் கூட்டிக் குறைப்பது. சுத்தமான வழி இதுதான். ஆனால் ஸ்டியரிங் பட்டனில் வால்யூம் பயன்படாமல் போகும். ரிமோட் இல்லாத டிஎஸ்பியை இதற்கு வாங்கவே வேண்டாம்.

இரண்டு, வால்யூம் ஏறும்போது குறைகிற பேஸைத் தானே ஈடுகட்டும் கருவி. ஆடியோகன்ட்ரோலின் எல்சி2ஐ-யில் உள்ள அக்யூபேஸ் அந்த வேலைதான் செய்கிறது. பட்டன்கள் பழையபடி இருக்கும். ஆனால் உங்கள் குரல் பிரச்சினைக்கு அதில் மருந்து இல்லை.

குரல் ஏன் வலப்பக்கம் என்றால், நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலதுபுறம். வலது டோர் ஸ்பீக்கர் காதுக்கு அருகே, இடது தொலைவில். வித்தியாசம் 50 செ.மீ. என்று வையுங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும், ஆகவே வலதை ஏறக்குறைய 1.5 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு வரும். இதை டிஎஸ்பிதான் செய்யும். என்னைக் கேட்டால் உங்களுக்கு முதல் வழி.

வேளச்சேரிவாசி:
சரி, டிஎஸ்பி. எத்தனை சேனல் பார்க்கணும்?

குரோம்பேட்டை கிராஸ்ஓவர்:
இப்போது இடது, வலது, சப் என்று மூன்று அவுட்புட் போதும். நாளைக்கு ட்வீட்டரையும் டோர் வூஃபரையும் தனித்தனியே ஓட்ட ஆசை வந்தால் ஐந்து. ஆகவே ஆறோ எட்டோ அவுட்புட் உள்ளதாக எடுங்கள். ஸ்பீக்கர் ஒயரை நேரே வாங்கிக்கொள்ளும் 4 இன்புட், 8 அவுட்புட் வகை உங்களுக்கு ஏற்றது. எல்ஓசியைக் கழற்றிவிடலாம். உங்கள் ஆம்ப் நன்றாக இருப்பதால் ஆம்பும் டிஎஸ்பியும் சேர்ந்த பெட்டி வீண் செலவு. ட்வீட்டரைத் தனியாக ஓட்டும் நாளில் அதற்கு முன்னால் ஒரு கெபாசிட்டரை மட்டும் விட்டுவையுங்கள், ஆன் ஆகும்போது வரும் 'டப்' அதிர்ச்சியில் எரிந்துவிடாது.

அம்பத்தூர் ஒயர்மேன்:
ஒன்று விட்டுப்போச்சு. ஒயரை வெட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், உங்கள் மாடலுக்கான கப்ளர் (வெட்டாமல் செருகும் இணைப்பு) போட்டுச் செய்யச் சொல்லுங்கள், வாரன்டி தகராறுக்கு வாய்ப்பு குறையும். சில வண்டிகளில் ஸ்பீக்கர் கழன்றதும் செட் அந்த சேனலை அணைத்துவிடும். அப்படியானால் ஸ்பீக்கர் இருப்பதுபோல் செட்டுக்குக் காட்டும் லோட் ரெசிஸ்டர் வைக்கணும்.

வேளச்சேரிவாசி:
டிஎஸ்பியை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைக்கிறோம் என்கிறார்கள் கடையில்.

குரோம்பேட்டை கிராஸ்ஓவர்:
வேளச்சேரியில் இருந்துகொண்டா? நவம்பர் மழையில் கார்பெட் நனைந்தால் முதலில் போவது அதுதான். டிக்கியில் பக்கச் சுவரோடு, தரையிலிருந்து உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ரிமோட் குமிழின் ஒயர் கூடுதலாக நாலு அடி போகும், அவ்வளவுதான்.