கார்டு மாறும்போது தாளம் அறுந்துபோகிறது: விரல்களை எப்படிப் பழக்குவது?

கெடிலக்கரையான் (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நான் எட்டு மாதங்களாக அக்கூஸ்டிக் கிதார் பழகி வருகிறேன். ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் ஆகிய கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) தனித்தனியாகப் பிடித்து மீட்டினால் கம்பிகள் தெளிவாகவே ஒலிக்கின்றன. ஆனால் பாட்டோடு சேர்த்து வாசிக்கும்போது, கார்டு மாறும் ஒவ்வோர் இடத்திலும் இடக்கை விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் தேட, வலக்கையும் அதற்காகக் காத்து நின்றுவிடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயப் பாடகர் குழுவோடு முதன்முறையாக வாசித்தேன். இரண்டாம் சரணத்தில் நான் ஓர் அடி பிந்தியதால் சிறுவர்கள் கீபோர்டோடு போய்விட்டார்கள். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் ஒரு மணி நேரம் முடிந்தவரை வேகமாக மாற்றிப் பழகுகிறேன், முன்னேற்றம் இல்லை. சி-யிலிருந்து எஃப்-க்குப் போவது மிகவும் மோசம். வழி சொல்லுங்கள்.

ஆறுகம்பி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):

தம்பி, வேகமாக மாற்றிப் பழகுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் நகர்த்தத் தேவையில்லாத விரலையும் சேர்த்துத் தூக்குகிறார்கள்.

சி-யைப் பிடித்துக் கையைப் பாருங்கள். மிக மெல்லிய கம்பிதான் முதல் கம்பி, மிகத் தடித்தது ஆறாவது; ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை. சுட்டுவிரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃபிரெட்டிலும், நடுவிரல் நான்காம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட்டிலும், மோதிர விரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டிலும் இருக்கின்றன. ஏ மைனருக்குப் போக மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில் வைத்தால் போதும். மற்ற இரண்டும் அசையவே கூடாது. நீங்கள் மூன்றையும் தூக்கிவிட்டு மறுபடி தேடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

ஜி-யையும் நான்கு விரலால் பிடியுங்கள்: நடுவிரல் ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட், சுட்டுவிரல் ஐந்தாம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட், மோதிர விரலும் சுண்டு விரலும் முறையே இரண்டாம், முதல் கம்பிகளில் மூன்றாம் ஃபிரெட். இங்கிருந்து டி-க்குப் போனாலும் சி ஆட் 9-க்கு (சி கார்டோடு டி சுரமும் சேர்ந்தது) போனாலும் மோதிர விரல் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ஒரு விரல் நிலையாக நின்றுவிட்டால் மற்றவை அதைச் சுற்றித் தாமாகவே இடம் கண்டுகொள்ளும். சாதாரண சி-க்குப் பதில் சி ஆட் 9 வைப்பது ஜி சுருதியில் அமைந்த பல பாட்டுகளுக்கு நன்றாகவே பொருந்தும்.

எஃப்-க்கு உடனே ஆறு கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு வேண்டாம். சி-யிலிருந்து சுட்டுவிரலை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இரண்டு விரல்களையும் அதே ஃபிரெட்டில் ஆளுக்கொரு கம்பி கீழே இறக்குங்கள். அதாவது மோதிர விரல் நான்காம் கம்பிக்கும் நடுவிரல் மூன்றாம் கம்பிக்கும் வரும். இது எஃப் மேஜர் 7. ஆறாம், ஐந்தாம் கம்பிகளை மீட்டாதீர்கள். இது கைவந்த பிறகு சுட்டுவிரலைச் சற்றுச் சாய்த்து முதல் கம்பியையும் சேர்த்து அழுத்தினால் சிறிய எஃப் வந்துவிடும்.

வலக்கைக்கு ஒரே விதி: அது நிற்கக் கூடாது. மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் தாளக்கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து நான்கு அடிக்கு ஒரு கார்டு என்று மாற்றுங்கள். நான்காம் அடிக்குப் பின் வரும் அரை அடியில் இடக்கை விரல்களைத் தூக்கி, திறந்த கம்பிகளிலேயே ஒரு மேல்வீச்சு வீசுங்கள். அந்த இடைவெளியில் விரல்கள் அடுத்த கார்டுக்குப் போய்ச் சேரட்டும். விரல் தூக்கும் உயரம் ஓர் அரிசிமணி அளவுக்கு மேல் வேண்டாம். ஒரு கம்பி சரியாக ஒலிக்காவிட்டாலும் கவலைப்படாமல் அடுத்த அடிக்குப் போய்விடுங்கள்.

உப்புக்காற்று (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):

மேலே ஐயா சொன்னது முழுவதும் சரி. ஆனால் கிதாரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். எஃப் வரவில்லை என்று ஏறக்குறைய ஓராண்டு என் விரல்களையே நொந்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், வாங்கிய நாளிலிருந்தே கிதாரின் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு பட்டையில்) கம்பிகள் அளவுக்கு மேல் உயரமாக இருந்திருக்கின்றன. இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு அதே எஃப் வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் குறை பெரும்பாலும் நட்டில்தான் இருக்கும். பழுதுபார்ப்பவர் அதன் பள்ளங்களைச் சிறிது அராவிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். நீங்களாகச் செய்யாதீர்கள், கூடுதலாக அராவிவிட்டால் கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும்.

நம் கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் அதிகம். மரம் ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை உப்பும்போது 12-ஆம் ஃபிரெட்டின் மேலே கம்பியின் உயரமும் ஏறிவிடும். ஆறாம் கம்பி அங்கே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் இருந்தால் வசதியாக இருக்கும். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துக் கிதாரைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், ஏனென்றால் துருப்பிடித்த கம்பியில் விரல் வழுக்காமல் சிக்கிக்கொள்ளும். 12 அளவுக் கம்பி போட்டிருந்தால் அதைவிட மெல்லிய 10-க்கு மாறலாம். ஒலி சற்று மெலியும், விரலுக்கு இதமாக இருக்கும்.

கெடிலக்கரையான்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களாக மோதிர விரலைத் தூக்காமல் ஜி, டி, சி ஆட் 9 மூன்றையும் பழகுகிறேன். நேற்று இரவு ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் வாசித்துவிட்டேன். மெதுவாகத்தான், ஆனால் எங்கும் அறுபடவில்லை. கேப்போ போட்டுப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை, எனவே நட்டில் குறையில்லை என்று நினைக்கிறேன். ஆறுகம்பி ஐயாவிடம் ஒரு சந்தேகம்: அந்த அரை அடியில் திறந்த கம்பிகள் ஒலிப்பது கேட்பவர்களுக்கு அபசுரமாகத் தோன்றாதா?

ஆறுகம்பி:

தோன்றாது, தம்பி. திறந்த கம்பிகளில் ஒலிப்பவை ஈ, ஏ, டி, ஜி, பி ஆகிய ஐந்து சுரங்கள். இந்த ஐந்தும் சி மேஜர், ஜி மேஜர், டி மேஜர் ஆகிய மூன்று சுருதிகளிலுமே இடம்பெறுபவை. கண நேரம் ஒலித்து அடுத்த கார்டோடு கலந்துவிடும். ஏ மேஜரில் வாசிக்கும்போது மட்டும் கவனம் தேவை, ஏனெனில் அங்கே ஜி ஷார்ப்தான் உண்டு, மூன்றாம் கம்பியின் ஜி ஒட்டாது. அப்போது மேல்வீச்சை முதல் இரண்டு கம்பிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேப்போ போட்டிருந்தால், நீங்கள் பிடிக்கும் வடிவம் எந்தச் சுருதிக்குரியதோ அதை வைத்துக் கணக்கிடுங்கள்.