புதுப்பிப்பு: பழைய சிறுகதைகளில் இருந்து சொல் கற்றல்

கிளிநொச்சியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பழைய சிறுகதைகளின் அருஞ்சொற்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தாலும் ஒரு கிழமைக்குள் அவை மறந்துபோகின்றன என்று தை மாதம் எழுதி, வழி கேட்டிருந்தேன். சொல்லைத் தனியே எழுதாமல், அது வருகிற வசனத்தை முழுதாக எழுதச் செய்யுங்கள் என்று பலர் சொன்னீர்கள். அப்படியே செய்தோம், பலன் தெரிகிறது.

ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளில் ஒருவரான இலங்கையர்கோனின் ‘வெள்ளிப் பாதசரம்’ கதையில் தொடங்கினோம். சினிமாவால் ‘கொலுசு’ என்றே பழகியிருந்த பிள்ளைகளுக்குப் பாதசரம் புதுச்சொல்லாக இருந்தது. அம்மம்மா இன்றும் பாதசரம் என்றுதான் சொல்கிறார் என்று ஒரு பிள்ளை மறுகிழமை கேட்டுவந்து சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

எதிர்பாராத சிக்கல், தெரிந்த சொற்களில்தான் வந்தது. தமிழகக் கதையொன்றில் மதகு திறக்கும் இடம் வர, தெருவுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற மதகை எப்படித் திறப்பது என்று ஒரு பையன் கேட்டான். எங்களுக்கு மதகு என்றால் தெருவுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சிறு பாலம்; குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும், நாங்கள் துருசு என்கிற அமைப்பைத்தான் அங்கே மதகு என்கிறார்கள் என்று சொல்லி, இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டையும் துருசையும் வாய்க்காலையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அவன் தன் கொப்பியில் இரண்டு மதகுகளையும் அருகருகே வரைந்து வைத்திருக்கிறான்.

இலங்கை வழக்கைக் குறியிட்டுக் காட்டும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதற்கு மிகவும் உதவுகிறது. ஒரு நாளில் ஐந்து சொற்களுக்கு மேல் எடுப்பதில்லை. அடுத்ததாக, ஈழத்தின் இன்னொரு முன்னோடிச் சிறுகதை எழுத்தாளரான சம்பந்தனின் கதைகளை வாசிக்க இருக்கிறோம்.