நம்ம குடும்பம் குழு: ஆன்லைன் பைனலுக்கு யாரு ப்ராக்டர்?

கவிதா: அத்தை, சித்தப்பா, கொஞ்சம் அவசரம். ஆன்லைன் கோர்ஸ் ரெண்டுக்கு பைனல் வருது. புள்ளியியலுக்கு "அங்கீகாரம் பெற்ற ப்ராக்டர் முன்னிலையில்"னு போட்டிருக்கு. அக்கவுண்டிங்குக்கு "வெப்கேம் ப்ராக்டரிங்". ரெண்டும் ஒண்ணுதானா?

செல்வி அத்தை: இல்லடா. ப்ராக்டர்னா தேர்வை மேற்பார்வை பாக்கறவங்க. முதல் வகையில ஒரு ஆள் நேர்ல உக்காந்து உன்னைப் பாக்கணும், அந்த ஆளை நீதான் தேடணும். ரெண்டாவது கேமரா வழியா, அது பாலா ஏரியா. தேதி என்ன?

கவிதா: புள்ளியியல் இன்னைலேர்ந்து 24 நாள். அடுத்தது அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு.

செல்வி அத்தை: அப்ப புள்ளியியல் வேலையை இன்னைக்கே ஆரம்பி. ப்ராக்டர் படிவம் 2, 3 வாரம் முன்னாடியே வந்து சேரணும்னு நிறைய கல்லூரி எதிர்பாக்கும். நீ படிவத்தை அனுப்பினதோட முடியல. கல்லூரி அந்த ஆளுக்கு நேரா மெயில் போடும், அவங்க "ஏத்துக்கறேன்"னு பதில் போட்டாத்தான் அங்கீகாரம். அந்த மெயில் ஸ்பாம்ல போய் விழும், யாரும் பாக்க மாட்டாங்க. இதுல பாதி சிக்கல் அங்கதான்.

தாத்தா: வெளியாள் எதுக்கு? ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் நான் வீட்டுலயே இருக்கேனே.

செல்வி அத்தை: அப்பா, ஹெட்மாஸ்டர்னு எழுதினா உடனே ஒத்துப்பாங்க, தாத்தான்னு எழுதினா உடனே தள்ளிடுவாங்க 😄 சொந்தம், சிநேகிதம், ரூம்மேட், அதே கோர்ஸ் படிக்கறவங்க யாரும் கூடாது. நூலகர், வேற கல்லூரியோட தேர்வு மையம், வேலையில இருக்கற ஆசிரியர், இவங்கன்னா பொதுவா பிரச்சினை வராது. ஆபீஸ் மேலாளரை சிலர் ஏத்துப்பாங்க, சிலர் மாட்டாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் எழுதணும்.

தாத்தா: சரி சரி. நான் டீ போட்டுக் குடுக்கறேன்.

செல்வி அத்தை: கவிதா, படிவத்துல ப்ராக்டரோட ஆபீஸ் மெயில் ஐடிதான் போடணும். நூலகரே ஆனாலும் ஜிமெயில் குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க.

கவிதா: ஏன் அத்தை? அவங்க தினம் பாக்கறது அதைத்தானே?

பாலா சித்தப்பா: ஏன்னா தேர்வோட பாஸ்வேர்ட் அந்த முகவரிக்குத்தான் போகும். நூலகர் பேர்ல ஒரு ஜிமெயில் யார் வேணா ரெண்டு நிமிஷத்துல திறக்கலாம், நீ உட்பட. இந்த முறை முழுசும் ஒரே ஒரு விஷயத்துல நிக்குது: பாஸ்வேர்ட் மாணவர் கண்ணுல படக்கூடாது. ப்ராக்டர் வந்து, உன் அடையாள அட்டையை (ஐடி) பாத்து, அவங்களே டைப் பண்ணணும். பேப்பர்ல எழுதி உன் கையில குடுத்தாங்கன்னா அது தேர்வு விதிமீறல், அவங்க நல்ல மனசோட செஞ்சாலும்.

அம்மா: பக்கத்து நூலகத்துல விசாரிச்சேன் அக்கா. இடம் தருவோம், கூடவே உக்காந்து பாக்க முடியாதுன்னுட்டாங்க.

செல்வி அத்தை: அது வழக்கம்தான் ராஜி. நிறைய நூலகம் அப்படித்தான் செய்யும். ஆரம்பத்துல ஐடி பாப்பாங்க, நடுவுல அப்பப்ப எட்டிப் பாப்பாங்க, கடைசியில கையெழுத்து போடுவாங்க. சில பேராசிரியருக்கு அது போதும், சிலருக்கு முழு நேரமும் கண்ணு மேல இருக்கணும். கவிதா, பேராசிரியருக்கு இந்த ஒரே கேள்வியை மெயில்ல கேளு, பதிலை அப்படியே நூலகருக்கு ஃபார்வர்ட் பண்ணு.

பாலா சித்தப்பா: நூலகக் கம்ப்யூட்டர்லயா எழுதப்போற, உன் லேப்டாப்லயா?

கவிதா: அங்க இருக்கறதுல எழுதலாம்னு நெனச்சேன்.

பாலா சித்தப்பா: வேண்டாம். ரெண்டு கண்ணி இருக்கு. ஒண்ணு, தேர்வைத் தவிர வேற எதையும் திறக்க விடாத லாக்டவுன் பிரவுசர் மாதிரி எதையாவது இன்ஸ்டால் பண்ணணும்னா அட்மின் அனுமதி கேக்கும், கவுண்டர்ல இருக்கறவங்ககிட்ட அது இருக்காது. ரெண்டாவது இன்னும் மோசம். பொதுக் கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஒரு மணி நேரம் மாதிரி கெடு வெச்சிருப்பாங்க. கெடு முடிஞ்சா அதுவா லாகவுட் ஆகி, ரீஸ்டார்ட்ல எல்லாத்தையும் துடைச்சிடும். 2 மணி நேரத் தேர்வுல 61-வது நிமிஷம் திரை கறுப்பாயிடும். உன் லேப்டாப்பைக் கொண்டு போ. ஆனா அந்த வைஃபைல ஒரு தடவை லாகின் பண்ணிப் பாத்திருக்கணும். சில வைஃபை வீடியோ, தேர்வு சைட் எல்லாத்தையும் தடுத்து வெச்சிருக்கும்.

செல்வி அத்தை: தேர்வு மையம்னா இந்தத் தொல்லை கம்மி. அமெரிக்காவுல, கனடாவுல இருக்கறவங்களுக்கு நேஷனல் காலேஜ் டெஸ்டிங் அசோசியேஷன் ஒரு மையப் பட்டியலே வெச்சிருக்கு, வேற கல்லூரி மாணவருக்கும் மேற்பார்வை செய்வாங்க. எங்க கேட்டாலும் மூடற நேரத்தைக் கேளு. 3 மணி நேரத் தேர்வு, 5 மணிக்கு மூடற இடம்னா 2 மணிக்கு உக்காந்தா பத்தாது. ஐடி சரிபார்ப்பு, லாகின் எல்லாம் சேத்தா 1:30-க்கே அங்க இருக்கணும்.

அப்புறம், தேர்வுல என்னென்ன அனுமதின்னு ப்ராக்டருக்குப் போற குறிப்புத்தாள். "கால்குலேட்டர் உண்டு"ன்னு மட்டும் இருந்தா அடிதடிதான். கிராஃப் போடற மாடலா, சாதாரணமா? போன்ல இருக்கறது ஆகுமா? சூத்திரத்தாள் ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, கையால எழுதினதா அச்சடிச்சதா? குறிப்புல இல்லாததை ப்ராக்டர் அனுமதிக்க மாட்டாங்க, அனுமதிக்கவும் கூடாது. இதை எல்லாம் இப்பவே பேராசிரியர்கிட்ட எழுத்துல வாங்கு.

அருண்: பாலா மாமா, எனக்கு ஒன்றரை மடங்கு நேரம் சலுகை இருக்கு, கடிதமும் குடுத்துட்டேன். நான் வேற எதுவும் செய்யணுமா?

பாலா சித்தப்பா: ஆமா, இதுலதான் நிறைய பேர் அடிபடறாங்க. அந்தக் கடிதம் தானா எங்கயும் ஏறாது. கூடுதல் நேரத்தை ரெண்டு இடத்துல ஏத்தணும். தேர்வு இருக்கற தளத்துல ஒண்ணு (அது மூடில்ங்கற ஆன்லைன் பாடத் தளம்னா உன் பேருக்குத் தனி விதிவிலக்கு, அதாவது ஓவர்ரைடு போடுவாங்க), ப்ராக்டர் சேவையில அல்லது மையத்துல இன்னொண்ணு. தளத்துல மட்டும் 90 நிமிஷம் போட்டு, ப்ராக்டர்கிட்ட 60-ன்னே இருந்தா, அவர் 60-ல நிறுத்துவார். அவர் மேல தப்பில்ல.

அருண்: ஓ.

பாலா சித்தப்பா: இன்னொண்ணும் இருக்கு. டைமர் வேற, தேர்வு மூடற நேரம் வேற. 90 நிமிஷம் உனக்கு இருந்தாலும் தேர்வு 11 மணிக்கு மூடுதுன்னா, 10:15-க்கு உள்ள போனவனுக்கு 45 நிமிஷம்தான். மூடில் மூடற நேரத்துல கதவைச் சாத்திடும், டைமரை மதிக்காது. அதனால ஓவர்ரைடுல நேர அளவோட மூடற நேரத்தையும் தள்ளி வெக்கச் சொல்லு. ஒரு வாரம் முன்னாடி தேர்வோட முகப்புப் பக்கத்தைத் திறந்து, உன் லாகின்ல என்ன நேரம் காட்டுதுன்னு பாரு. வேற நாட்டுக் கல்லூரின்னா யாரோட நேரம் அதுன்னும் பாரு. அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாத்தும். ஐரோப்பா மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு. நடுவுல கிடக்கற வாரங்கள்ல இந்த ரெண்டுக்கும் இடையில போன மாசம் போட்ட கணக்கு ஒரு மணி நேரம் தப்பாகும்.

அருண்: இன்னைக்கே பாத்துடறேன் மாமா 👍

கவிதா: சித்தப்பா, வெப்கேம் தேர்வுக்கு வாங்க.

பாலா சித்தப்பா: முதல்ல அது எந்த வகைன்னு பாரு. ஆள் நேரலையில பாக்கறதா, பதிவு பண்ணி பின்னாடி பாக்கறதா. ஆள் பாக்கறதுன்னா நேரம் முன்பதிவு பண்ணணும். கடைசி ரெண்டு மூணு நாள்ல பண்ணினா கூடுதல் கட்டணம் கேக்கற சேவைகள் உண்டு.

சரி, உன் லேப்டாப் விண்டோஸா?

கவிதா: மேக். ஆபீஸ் கொடுத்தது.

பாலா சித்தப்பா: ஆபீஸ் லேப்டாப் வேண்டவே வேண்டாம். அதுல ஆபீஸ் கம்ப்யூட்டர் துறையோட பூட்டு இருக்கும், ப்ராக்டர் கேக்கற அனுமதியைக் குடுக்கவே விடாது. வீட்டு மேக் இருந்தா அதை எடு. கேமரா, மைக் அனுமதி சுலபம். திரைப் பதிவு அனுமதி மட்டும், குடுத்த பிறகு பிரவுசரை முழுசா மூடித் திறந்தாத்தான் வேலை செய்யும். தேர்வு நேரத்துல அதைச் செஞ்சா வரிசையிலேர்ந்து வெளிய விழுவ. அதான் ஒத்திகைங்கறது. எங்க உக்காந்து எழுதப்போறியோ அதே மேஜை, அதே நெட், அதே மணி நேரம், மாதிரித் தேர்வை கடைசி வரைக்கும் எழுதிப் பாரு. "சிஸ்டம் செக்" பச்சை காட்டினா போதும்னு நினைக்காத, அது ஒரு நிமிஷ நெட்டைத்தான் பாக்குது. ராத்திரி 8 மணிக்கு வீட்டுல எல்லாரும் படம் பாக்கறப்ப உன் வீடியோ மேல ஏறுதான்னு அதுக்குத் தெரியாது.

அம்மா: அந்த நேரம் டிவி ஓடாது. நான் பொறுப்பு.

பாலா சித்தப்பா: அண்ணி, அதோட கதவையும் யாரும் திறக்கக் கூடாது 🙏

லினக்ஸ் யாராவது வெச்சிருந்தா இப்பவே வேற கம்ப்யூட்டர் பாருங்க. ரெஸ்பாண்டஸ் லாக்டவுன் பிரவுசர் லினக்ஸ்ல ஓடாது, சேஃப் எக்ஸாம் பிரவுசரும் அப்படித்தான். மெய்நிகர் கணினிக்குள்ள விண்டோஸ் போட்டு ஏமாத்தலாம்னா கண்டுபிடிச்சு வெளிய தள்ளும். எனிடெஸ்க், டீம்வியூவர், ஜூம் எல்லாம் ஓரத்துல ஓடிட்டிருந்தாலும் தடை. ரெண்டாவது மானிட்டர் கேபிளைக் கழட்டு, அணைச்சா போதாது.

கவிதா: ஐடி காட்டறப்ப கேமரா மங்கலா எடுக்குது, மாதிரித் தேர்வுலயே அப்படித்தான் ஆச்சு.

பாலா சித்தப்பா: லேப்டாப் கேமராவுக்குப் பெரும்பாலும் ஃபோகஸ் நிலையா இருக்கும். கிட்ட கொண்டு போனா எழுத்து பெருசா தெரியும், ஆனா கரைஞ்சு போகும். ஒரு சாண் தூரத்துல பிடி, மேல லைட் பளபளன்னு அடிச்சா அட்டையை லேசா கீழ சாய்ச்சுப் பாரு. கை ஆடாம ரெண்டு முழங்கையையும் மேஜையில ஊணிக்கோ. உன் திரையில எழுத்து கண்ணாடியில பாக்கறமாதிரி இடவலமாத் திரும்பித் தெரிஞ்சா பதறாத, அது உனக்கு மட்டும், அவங்களுக்கு நேராத்தான் போகும். ஐடியில இருக்கற பேரும் கல்லூரியில பதிஞ்ச பேரும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல இனிஷியல், இன்னொண்ணுல விரிச்சு எழுதியிருந்தா இப்பவே சொல்லிச் சரி பண்ணு.

அப்புறம் ஒரு கைக்கண்ணாடி பக்கத்துல வை.

கவிதா: கண்ணாடியா?

பாலா சித்தப்பா: திரை ஓரத்துல துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கான்னு லேப்டாப் கேமராவால பாக்க முடியாதே. கண்ணாடியை முன்னாடி பிடிச்சு, திரை, கீபோர்டு, ரெண்டு பக்கமும் காட்டச் சொல்வாங்க. கண்ணாடி இல்லாதவங்களை போனோட செல்ஃபி கேமராவைத் திருப்பிக் காட்டச் சொல்வாங்க, அப்புறம் போனைக் கை எட்டாத தூரத்துல வெக்கணும்.

தாத்தா: அறை முழுக்கக் காட்டணுமாமே. வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறது நியாயமா?

பாலா சித்தப்பா: நல்ல கேள்வி அப்பா. 2022 ஆகஸ்ட்ல கிளீவ்லாந்து ஸ்டேட் யுனிவர்சிட்டி வழக்குல, அமெரிக்க ஃபெடரல் நீதிபதி ஒருத்தர் அந்த அறை ஸ்கேன் அரசியல் சட்டத்தோட நாலாவது திருத்தத்தை (நியாயமில்லாம வீட்டைச் சோதிக்கக் கூடாதுங்கறது) மீறுதுன்னு தீர்ப்பு சொன்னார். அது அரசுக் கல்லூரி, அந்த ஊர் சட்டம். மத்த இடத்துல இன்னும் கேப்பாங்க. பிடிக்கலைனா தேர்வன்னிக்கு வாதாடாம, முன்னாடியே மையத்துல எழுத அனுமதி கேளு கவிதா. பொதுவா படுக்கை தெரியாத மூலை, பின்னாடி ஜன்னல் இல்லாத சுவர், அது போதும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தா முகம் கறுத்துப் போய் "ஆள் இல்லை"ன்னு கொடி, அதாவது சந்தேகக் குறி விழும்.

வாய்விட்டுப் படிக்காத. அதுக்கும் கொடி விழும்.

கவிதா: கணக்குப் போட வெள்ளைத்தாள்?

செல்வி அத்தை: அனுமதின்னா ரெண்டு பக்கமும் வெறுமையா இருக்குன்னு காட்டிட்டு ஆரம்பி. முடிச்சதும் கேமரா முன்னாடி கிழிக்கச் சொல்வாங்க. தாளை ஸ்கேன் பண்ணி ஏத்தணும்னா கிழிச்சுடாத, ஏத்தறதுக்குத் தனி நேரம் உண்டான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோ.

அம்மா: நடுவுல நெட் போச்சுன்னா?

பாலா சித்தப்பா: எதையும் மூடக்கூடாது, எழுந்து ஓடக்கூடாது. டைமர் அது பாட்டுக்கு ஓடும். மூடில்ல பொதுவா நிமிஷத்துக்கு ஒருதடவை பதில் தானா சேமிக்கும், அதனால எழுதினது பெரும்பாலும் பத்திரம். போன் ஹாட்ஸ்பாட்டை முந்தின நாளே லேப்டாப்ல ஒரு தடவை சேத்து வை, பாஸ்வேர்ட் தானா எடுத்துக்கும். சேவையோட உதவி எண்ணைத் தாள்ல எழுதி சுவத்துல ஒட்டு. நெட் போனா மட்டும் போனை எடுக்கலாமான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோ. சுவத்துல அது இருக்குன்னு ப்ராக்டர்கிட்ட ஆரம்பத்துலயே காட்டிடு. திரும்பச் சேந்ததும் எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துது, புகார் எண் என்ன, இந்த மூணையும் அன்னைக்கே பேராசிரியருக்கு மெயில் போடு. மறுநாள் போட்டா மார்க் பாத்துட்டு சாக்கு சொல்றமாதிரி தெரியும்.

கவிதா: நீங்க சொன்னபடி காலையிலேயே படிவத்தைக் கல்லூரிக்கு அனுப்பிட்டேன் அத்தை, அவங்க நூலகருக்கு மெயில் போட்டாங்க. மதியம் வரைக்கும் நூலகர் பதில் போடல, ஸ்பாம்ல பாக்கச் சொல்லி அவங்களுக்கு போன் பண்ணேன். அங்கதான் இருந்துதாம். ஒத்துக்கிட்டு பதில் போட்டுட்டாங்க.

செல்வி அத்தை: கல்லூரிலேர்ந்து உனக்கு "அங்கீகரிக்கப்பட்டது"ன்னு தனி மெயில் வந்துதா?

கவிதா: இன்னும் இல்ல.

செல்வி அத்தை: ரெண்டு வேலை நாள்ல வரலைனா கோர்ஸ் ஆபீஸுக்கு எழுது. அது கையில வந்த பிறகு நூலகத்துல நேரத்தைப் பதிவு பண்ணு.